பார்ப்போம் என்று சொன்ன மறுநாள்

பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. வரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு, ஆனால் நேற்று கிளமென்ட் சார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டபோது என் வாயில் வந்தது பார்ப்போம். வினாத்தாள் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் தலை குனிந்து வாசிக்கிறார்கள், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிடுகிறது, நான் கரும்பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே நடக்கத் தொடங்கிவிட்டேன். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது, வாசிக்கக் கூடாது, பேசக் கூடாது, செல்போனை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மதியம் மணி அடிக்கிற வரைக்கும் எனக்குத் துணை என் தலை மட்டும்தான். மற்ற நாட்களில் இது எனக்குப் பிடித்த வேலை. பாளையங்கோட்டையிலிருந்து இந்த அம்பாசமுத்திரம் பள்ளிக்குத் தேர்வு வேலை ஆர்டர் வந்தபோது எல்லாரும் இவ்வளவு தூரமா என்று அங்கலாய்த்தார்கள், நான் மட்டும் சந்தோஷப்பட்டேன், வீட்டுச் சத்தமும் வகுப்புச் சத்தமும் இல்லாமல் காலையெல்லாம் ஜெபித்துக்கொண்டே நடக்கலாம் என்று. முதல் நாள் அப்படித்தான் நடந்தேன். ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் போய் அதன் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லி ஜெபித்தேன். அன்றைக்கு மதியம்தான் பக்கத்து அறைக் கண்காணிப்பாளர் கிளமென்ட் சார் வந்து, டீச்சர் நீங்களும் பாளையங்கோட்டையாமே, நானும் அந்தப் பக்கந்தான் போறேன், பஸ்ஸுக்கு ஏன் வெயில்ல நிக்கணும் என்றார். நல்ல மனுஷர், பொருளியல் ஆசிரியர், எங்கள் சபை இல்லையென்றாலும் சபைக்குப் போகிறவர், மனைவி செலின் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஆபீசில் சொன்னார்கள். இதில் என்ன இருக்கிறது. ஒன்றுமே இல்லை. பின் சீட்டில் ஏறினேன். அடுத்த பரீட்சைக்கு முன் சீட்டில் ஏறினேன், பின் சீட்டில் பழைய நோட்டுக் கட்டுகள் கிடந்ததால். அதற்கடுத்த தடவை பின் சீட்டில் ஒன்றும் கிடக்கவில்லை.

கிளமென்ட் சார் எதுவும் தப்பாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், என் தலைக்குள்ளேயாவது நியாயமாக இருக்க வேண்டும். கேட்டார். அதுதான் அவர் செய்தது. இன்னைக்கு எப்படி இருந்துச்சு டீச்சர் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நேத்து ஏன் உங்க முகம் வாடியிருந்துச்சு என்றார். வாடித்தான் இருந்தது, மாமனாருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, மாத்திரையைத்தான் பார்க்கிறோம், டயப்பரைத்தான் பார்க்கிறோம். அத்தான் மின்வாரிய ஆபீசிலிருந்து வந்தால் நேராக அவர் அப்பாவிடம் போவார், துடைப்பார், திருப்பிப் படுக்கவைப்பார், பிறகு டி.வி. முன்னால் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போவார். கெட்டவரா, இல்லை, தன் அப்பாவின் மலத்தை முகம் சுளிக்காமல் அள்ளுகிற ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. சுகிர்தராஜ் மாதிரி ஒரு மனுஷரைக் கட்டிக்கொண்டு என்னைப் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது. காலையில் இந்த மயில்கழுத்து நிறச் சேலையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன், அத்தான் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, புதுசா எடுத்தியா என்றார். அவர் எடுத்துக் கொடுத்ததுதான், ஒரு கிறிஸ்துமஸுக்கு. நான் ஆமா என்று சொல்லிவிட்டேன். ஏன் ஆமா என்று சொன்னேன். இதை யாருக்காகத் தேய்த்தேன் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்.

"டீச்சர், கூடுதல் தாள்."

ஜன்னலோரத்துப் பிள்ளை எழுந்து நிற்கிறது. தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, எண்ணைச் சரிபார்த்து, ம் எழுது என்று கண்ணால் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். இதைச் செய்கிற நேரத்துக்கு மனசு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. வேலை செய்கிற கை ஒன்றையும் நினைப்பதில்லை. திரும்பி நடக்க ஆரம்பித்ததும் மறுபடியும் கார்க் கதவு, குனிந்த முகம், ஷேவிங் லோஷன் வாசனை. நாளைக்குக் கடைசிப் பரீட்சை டீச்சர், பாபநாசம் பக்கந்தான, ஆத்துல கால நனைச்சிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு வரலாம், அப்புறம் எங்க பார்க்கப் போறோம். அப்புறம் எங்க பார்க்கப் போறோம் என்றபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது, அல்லது உடைந்ததாக நான் கேட்டுக்கொண்டேன். செலின் போனபிறகும் ரொம்ப நாள் கடையில் இரண்டு தயிர் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன், ஒன்று கெட்டுப்போய்க் கொட்டுவேன், மறுநாளும் இரண்டு வாங்குவேன் என்று ஒரு நாள் சொன்னார். அந்தத் தயிர் பாக்கெட் இப்போதும் என் மனசை விட்டுப் போகவில்லை. இரக்கம்தானே இது, கிறிஸ்தவ இரக்கம், துக்கப்படுகிறவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. ஆமாம் எமிமா, இரக்கத்துக்குத்தான் மயில்கழுத்துச் சேலை தேய்த்தாய்.

சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சுப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஆண்டவர்மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, அவர் என்னைக் கைவிட்டுவிடுவார் என்ற பயமும் இல்லை, இந்த நடையிலும் அவர் கூடத்தான் நடக்கிறார் என்று எனக்குத் தெரியும், என் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி தெரியும். பயம் என்மேல்தான். போன மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினேன், முடிந்ததும் வேதக்கண் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எமிமா பேசினா நேரா நெஞ்சுல வந்து நிக்குதுடி என்றார்கள், எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சப்பிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன். தூய்மையைக் காத்துக்கொள்ளுங்கள், ஒதுங்கி நில்லுங்கள், கறைபட விடாதீர்கள். அது என் அம்மாவின் பேச்சு. திடப்படுத்தல் ஆராதனைக்கு எனக்கு வெள்ளைத் தாவணி எடுத்துத் தந்துவிட்டு அம்மா சொன்னாள், எங்கயும் உக்காராத, எதையும் தொடாத, கறை பட்டா போவாது. பிஷப் தலையில் கைவைத்து ஜெபித்தபோதுகூட எனக்கு முழங்காலிட்ட இடம் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் கவலை. மற்ற பிள்ளைகள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கையில் எண்ணெய் வழிய வழியச் சிரித்தார்கள், நான் வேப்பமரத்தடியில் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு பசியோடு நின்றேன், நான்தான் இங்கே பரிசுத்தம் என்று நினைத்தபடி. அப்போது மேலே இருந்து காக்கை எச்சமிட்டது. தோள் பட்டையில், சரியாக. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா திட்டவே இல்லை, சவக்காரம் போட்டுக் கசக்கி வெயிலில் விரித்தாள், சாயங்காலமே போய்விட்டது. போவாதுன்னியே என்று கேட்டேன். அப்படிச் சொன்னாத்தான நீ ஒழுங்கா இருப்ப என்றாள். கழுவினால் போகும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, இருந்தும் இத்தனை வருஷம் கழித்து சங்கத்தில் போய் வேப்பமரத்தடியில் நில்லுங்கள் என்றுதான் பேசியிருக்கிறேன். ஒருத்தியாவது எழுந்து, டீச்சர், நின்றுகொண்டே இருந்தால் பசிக்குமே, அதற்கு என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம்.

பசிக்கிறது. அதுதான் உண்மை. யாராவது என்னை, எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று பசிக்கிறது, அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அந்தப் பசியை வைத்தவரே ஆண்டவர்தான். எங்கே போய்ச் சாப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரி, போகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். கார் விக்கிரமசிங்கபுரம் தாண்டுகிறது, மலை கிட்டத்தில் வருகிறது, வெயிலில் சுட்ட பாறை, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை விட்டால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும், மீன் வந்து பாதத்தைக் கடிக்கும், நான் சிரிப்பேன், கிளமென்ட் சார் என்னைப் பார்ப்பார். வழுக்கும் டீச்சர் என்று கையை நீட்டுவார். பிடிப்பேன். இங்கே நடக்கும்போதே என் உள்ளங்கை வியர்க்கிறது. அந்தக் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது, சாக்பீஸ் பட்டுக் காய்ந்த விரல்கள், என்னுடையது மாதிரியே. விடுவேனா. அங்கேயே நிற்காதே எமிமா, மேலே போ, முடிவுவரைக்கும் போய்ப் பார். பொழுது சாய வீட்டுக்கு வருகிறேன், அத்தான் கேட்டைத் திறக்கிறார், ஏன் லேட்டு என்று கேட்கிறார், நான் என்ன சொல்வேன்.

கடைசி நாள்லா, கட்டுக் கட்டிச் சீல் வைக்க நேரமாயிட்டு.

நின்றுவிட்டேன். பின்சுவருக்குப் பக்கத்தில், கை சுவரில் பட்டபடி. ஏனென்றால் இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. நேற்று ராத்திரி மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே அத்தானிடம் இதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு நேரமாவும், கடைசி நாள், கட்டுக் கட்டிச் சீல் வைக்கணும் என்றேன். சும்மா சொன்னேன், தகவலுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுக் கட்டுவது ஆபீஸ்காரர்கள் வேலை, மணி அடித்துத் தாளை எண்ணிக் கொடுத்தால் எனக்கு விடுதலை, அது எனக்குத் தெரியும். பார்ப்போம் என்று சொன்னவள் அல்ல நான். வருகிறேன் என்று சொல்லிவிட்டவள். வாய் பார்ப்போம் என்றது, கை சேலையைத் தேய்த்தது, நாக்கு வீட்டில் பொய்யைத் தயார்பண்ணி வைத்தது, எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை, நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு ஜெபம்கூடப் பண்ணினேன். என் மகள் பெனிட்டா விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாளே, அம்மா எனக்காக ஜெபி என்பாளே. அத்தான் கேட்டைத் திறக்கிறபோது என் முகத்தைப் பார்க்கமாட்டார், அதனால் கண்டுபிடிக்கவும்மாட்டார். யாரும் கண்டுபிடிக்காத அந்த வீட்டில் நான் எத்தனை வருஷம் குடியிருப்பேன்.

ஜெபம் பண்ணினேன் என்கிறேனே, என்ன ஜெபித்தேன். இந்தப் பரீட்சை நாட்கள் முழுவதும் அத்தானுக்கு, மாமனாருக்கு, பெனிட்டாவுக்கு, சபைக்கு, மழைக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு. ஒரு பெயரை மட்டும் சொல்லவில்லை. ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறேன். சொல்லிவிட்டால் ஆண்டவர் பார்த்துவிடுவார் என்று. பார்க்காதவர் மாதிரி. சரி. கண்ணை மூட முடியாது, முழங்காலிட முடியாது, நடந்துகொண்டேதான் சொல்ல முடியும். ஆண்டவரே, கிளமென்ட். சொல்லிவிட்டேன். இடி ஒன்றும் விழவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டது. ஆண்டவரே, கிளமென்ட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கையைப் பிடிக்க ஆசையாக இருக்கிறது. இப்போதும் ஆசையாக இருக்கிறது. இந்த ஆசையை எடுத்துவிடும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். போகவில்லை. கரும்பலகை வரைக்கும் போய்த் திரும்பினேன், ஆசை கூடவே திரும்பியது. முன்பெல்லாம் இப்படி ஆசை போகாமல் இருந்தால், நான் தோற்றுவிட்டேன், இனி என்ன என்று நினைத்திருப்பேன். இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசை இருக்கட்டுமே. அது எனக்குள் இருக்கிறது, காரில் ஏறுவது என் கால். கால் என்னிடம் இருக்கிறது. ஆசை போனபிறகுதான் நல்லவளாக இருப்பேன் என்றால் அதில் என் பங்கு என்ன, எனக்கு ஆசையே இல்லாத எத்தனையோ பாவங்களை நான் செய்யாமல்தானே இருக்கிறேன், அதற்கெல்லாம் யாராவது மாலை போடுகிறார்களா. இதோ இந்த ஆசையோடேயே நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம். அழுதுகொண்டுகூட நடக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது. தோளில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கிறது, வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன், காற்று என்று யாராவது சொன்னால் சண்டைபோடமாட்டேன். ஆனால் இது பாதிதான். கிளமென்ட் சாரிடம் முடியாது என்பது பாதி. மீதி வீட்டில் இருக்கிறது, அந்தப் பொய் அங்கே அடுப்படியில் கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்து வெளியே வைக்காமல் இதை மட்டும் செய்தால் மறுபடியும் வேப்பமரத்தடிதான். அத்தானிடம் சொல்லவேண்டும். அதற்குத்தான் பயமாக இருக்கிறது, ஆற்றுக்குப் போக வராத பயம்.

மணி அடித்தது. எழுதுவதை நிறுத்துங்கள் என்றேன், என் குரல் எனக்கே பலமாகக் கேட்டது. தாள்களை வாங்கி, வரிசைப்படுத்தி, எண்ணி, ஆபீசில் கொடுத்துவிட்டு, செல்போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. கிளமென்ட் சார் காரை நிழலில் போட்டு முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அவரும் தேய்த்துத்தான் போட்டிருந்தார்.

"வாங்க டீச்சர். போகலாமா?"

"நான் வரல சார். பஸ்ல போயிடுதேன்."

"ஏன், வீட்ல ஏதும் அவசரமா? அப்ப பாபநாசம் வேண்டாம், நேரா பாளையங்கோட்டைக்கே போயிடலாம்."

"அதுவும் வேண்டாம் சார்."

கிளமென்ட் சார் முகம் கறுத்துவிட்டது. சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே, "டீச்சர், நான் தப்பா எதுவும் நினைச்சுக் கூப்பிடல. சத்தியமா" என்றார்.

"நீங்க நினைச்சிருக்க மாட்டீங்க. நான் நினைச்சேன்."

இப்படிச் சொல்வேன் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கிளமென்ட் சார் என்னைப் பார்த்தார், பிறகு காரின் கூரையைப் பார்த்தார். மெதுவாக, "நானும் நினைச்சேன்" என்றார். உலகத்திலேயே மோசமான இடம் அதுதான், அந்த வேப்பங்காய் உதிர்ந்த தரை, அந்தத் திறந்த கதவு, ஒருவருக்கொருவர் உண்மை சொல்லிவிட்டு நிற்கிற இரண்டு பேர், அந்த நொடியில் ஏறி உட்கார்வதைவிட எளிதான காரியம் வேறு எதுவும் இல்லை. "உங்களுக்காக ஜெபிக்கிறேன் சார். இனிமே பேர் சொல்லியே ஜெபிப்பேன்" என்றேன். "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார் அவர், கதவைச் சாத்திவிட்டு. அவர் அழவில்லை, நானும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முனை வரைக்கும் அழவில்லை.

பஸ் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் அத்தானுக்குப் போன் பண்ணினேன். "முடிஞ்சிட்டா? நேரமாவும்னு சொன்ன?" என்றார். "நேரமாவல. அத்தான், புது பஸ் ஸ்டாண்டுக்கு வாரீங்களா? ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "என்ன விஷயம்? பயப்படுத மாதிரியா?" என்றார். "வாங்க, சொல்லுதேன்." "பெர்மிஷன் போட்டுட்டு வாரேன்" என்றார். வீரவநல்லூர், பத்தமடை, வயல்கள், செங்கல் சூளை, நான் என்ன சொல்வது என்று வார்த்தை அடுக்கினேன், அடுக்கியதெல்லாம் என்னை நல்லவளாகக் காட்டுகிற வார்த்தைகளாகவே வந்தன, ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். இறங்குகிறபோது கையில் ஒரு வார்த்தையும் இல்லை.

அத்தான் பைக்கில் காத்திருந்தார். வேகத்தில் வந்த அடையாளமாகச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை, முதுகைப் பார்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது. பைக் கிளம்பியதும் சொல்ல ஆரம்பித்தேன், காரில் கூட்டிக்கொண்டு வந்தது, பேசியது, பாபநாசம், நேற்று நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் அந்த முதுகிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாளையங்கால் வாய்க்கால் ஓரம் வந்தபோது அத்தான் தலையைக் கொஞ்சம் திருப்பி, "என்ன எமி? ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்கல" என்றார்.

"நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். இறங்கி முன்னால் வந்து நின்று மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை முகத்துக்கு நேராக, லாரி போகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, நிறைய நரைத்திருக்கிறது, எப்போது இவ்வளவு நரைத்தது, நானும் பார்க்கவில்லைதானே.

"என்னைய விட்டுட்டுப் போவணும்னு இருக்கா?" என்றார்.

"இல்ல. இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"அந்த ஆளு உன்னைத் தொட்டானா?"

"இல்ல. என்னைக் கேட்டாரு. எப்படி இருக்கேன்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

அத்தான் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடை இறுகியிருந்தது. கோபமாக இருந்தார், அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது, கோபப்படுகிற அளவுக்கு அவர் இங்கே இருக்கிறார். படித்துறையில் யாரோ துணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன். பயம் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் காலுக்குக் கீழே தரை இருந்தது.

"நான் கேக்கலையா?" என்றார், திரும்பாமல்.

"கேக்கல."

"எத்தனை நாளா?"

"தெரியல அத்தான்."

ம் என்றார். மூக்கை உறிஞ்சினார். கண்ணைப் புறங்கையால் தேய்த்தார், தூசி விழுந்த மாதிரி. பிறகு பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஏறு என்று தலையால் காட்டினார். ஏறினேன். ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கைப்பிடியில் மாட்டினார்.

"முன்னால போலீஸ் நிப்பாங்க, பிடிச்சிருவாங்க" என்றேன்.

"பிடிச்சா பிடிக்கட்டும்" என்றார் அத்தான். "நீ பேசு."